டாய் ஸ்டோரி 4: ஆண்டி விடைபெற்ற பிறகும் வுடிக்கு ஒரு கதை இருந்ததா?

கேள்வி இது: “டாய் ஸ்டோரி மூன்றாம் பாகத்தின் கடைசிக் காட்சியில் அழுதவன் நான். அதற்குப் பிறகு நான்காவது படம் தேவையே இல்லை என்று என் நண்பர்களில் பாதிப் பேர் சொல்கிறார்கள். மீதிப் பேர் நான்கில் அதுதான் சிறந்தது என்கிறார்கள். ஒரே படத்தைப் பற்றி எப்படி இவ்வளவு தூரம் கருத்து மாறும்? என் ஆறு வயது மகன் முதல் மூன்று பாகங்களையும் பார்த்துவிட்டான். நான்காவதைக் காட்டலாமா, இதோடு நிறுத்திவிடலாமா?”

காட்டுங்கள். ஆனால் இந்த வாரமே வேண்டாம், கொஞ்ச நாள் போகட்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் நண்பர்கள் ஏன் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள் என்று முதலில் பேசிவிட்டால் அது எளிதாகப் புரியும்.

குடும்பத்தோடு பார்க்கும் ஒரு அனிமேஷன் வரிசை நான்காம், ஐந்தாம் பாகத்தை எட்டும்போது வழக்கமாக யாரும் சண்டை போடுவதில்லை. ‘ஐஸ் ஏஜ்’ வரிசையின் ஐந்தாம் பாகம் 2016-இல் வந்தது. குழந்தைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள், படம் மறந்துபோனது. 2007-இல் வந்த ‘ஷ்ரெக்’ மூன்றாம் பாகத்துக்கு வசூல் நன்றாகவே இருந்தது, ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று சொல்பவரை நான் பார்த்ததில்லை. ‘சுமார்’ என்ற ஒரே சொல்லில் எல்லோரும் ஒத்துப்போய்விடுவார்கள்.

டாய் ஸ்டோரி 4-க்கு அப்படி நடக்கவில்லை. 2019 ஜூன் 21-இல் வெளியாகி உலகம் முழுக்க 107 கோடி டாலர் வசூலித்தது. படம் முடிந்து வெளியே வருபவர்களிடம் மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் ‘ஏ’ வாங்கியது. அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரும் கிடைத்தது. இந்தப் படத்தைப் பிடிக்காதவர்களிடம் பேசிப் பாருங்கள், மோசமான படம் என்று பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அந்த மழை, பழம்பொருள் கடையின் தூசி, பீங்கான் பொம்மையின் பளபளப்பு எல்லாவற்றையும் பாராட்டிவிட்டு, “ஆனால் இதை எடுத்திருக்கவே கூடாது” என்பார்கள். நன்றாக எடுக்கப்பட்ட ஒரு படத்தின் மேல் ஏன் இந்த மனத்தாங்கல்?

இந்தப் படங்கள் யாருடைய கதை என்று ஒருவர் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாரோ, அதைப் பொறுத்துத்தான் நான்காம் பாகம் அவருக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் என்பது என் எண்ணம். பொம்மைகளின் சொந்தக்காரச் சிறுவன் ஆண்டியின் கதை என்று நினைத்தவருக்கு, மூன்றாம் பாகம் வந்த 2010-இலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அவனுடைய கவ்பாய் பொம்மை வுடியின் கதை என்று நினைத்தவருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

முதல் படம் வந்தது 1995 நவம்பரில். ஆறு, ஏழு வயதில் அதைப் பார்த்த குழந்தைக்கு மூன்றாம் பாகம் வந்தபோது இருபதைத் தாண்டியிருக்கும். படத்தில் ஆண்டிக்கு 17 வயது, கல்லூரிக்குக் கிளம்புகிறான். பொம்மைகளை எல்லாம் பானி என்ற சின்னப் பெண்ணிடம் ஒவ்வொன்றாக அறிமுகப்படுத்தித் தருகிறான். பெட்டியின் அடியில் வுடி கிடக்கிறான். அவள் ஆசையாகக் கை நீட்டும்போது ஆண்டியின் கை தன்னையறியாமல் பின்னால் போகிறது. அரை நொடிதான். ஆண்டியோடு சேர்ந்து வளர்ந்த ஒரு தலைமுறை முழுவதும் அந்த அரை நொடியில் தன் குழந்தைப் பருவத்தைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டுக்கொடுத்தது. கார் நகர்ந்து போகிறது, வுடி படியில் உட்கார்ந்து விடை கொடுக்கிறான், மேகம், வானம், முடிந்தது. இதற்குப் பிறகு இன்னொரு பாகம் என்றால், நல்லபடியாக வழியனுப்பிவிட்டு வந்த ஒருவரை மறுநாள் பஸ் ஸ்டாண்டில் மறுபடி பார்ப்பது போலத்தானே இருக்கும்? அந்தச் சங்கடம் எனக்கும் இருந்தது. 2014 நவம்பரில் நான்காம் பாகத்தை அறிவித்தபோது, வேண்டாமே என்றுதான் நானும் நினைத்தேன்.

தயாரித்தவர்களுக்கே அந்த உணர்வு இருந்தது. மூன்றாவது படத்தோடு ஒரு முத்தொடர் அழகாக முடிந்துவிட்டது, வரப்போவது அதில் சேராத தனிப் படம் என்று, இந்தப் படங்களை எடுக்கும் பிக்சார் ஸ்டூடியோவின் தலைவர் ஜிம் மோரிஸ் 2015-இல் ஒரு பேட்டியில் சொன்னார். வுடிக்கும், போ பீப் என்ற பீங்கான் இடைச்சிப் பொம்மைக்கும் இடையிலான காதல் கதையாக அதை அப்போது யோசித்திருந்தார்கள். அந்தத் திட்டம் அப்படியே நிலைக்கவில்லை. 2017-இல் வருவதாக இருந்த படம் 2018-க்கும், பிறகு 2019-க்கும் தள்ளிப்போனது. இயக்குவதாக இருந்த ஜான் லாசெட்டர் ஒதுங்கி, ஜோஷ் கூலி முழுப் பொறுப்பை ஏற்றார். முதலில் எழுதிய ரஷீதா ஜோன்ஸும் வில் மெக்கார்மக்கும் விலகினார்கள். திரைக்கதையின் பெரும்பகுதி மறுபடி எழுதப்பட்டது. தையல் எங்கெங்கே பிரிந்திருக்கிறது என்பது படத்தில் சில இடங்களில் தெரியத்தான் செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆனால் ‘தேவையா?’ என்ற கேள்வி நான்காவது படத்துக்கு மட்டும் உரியது இல்லை, இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாகத்தை முதலில் தியேட்டருக்கு வராமல் நேரே வீடியோவில் விடும் படமாகத்தான் ஆரம்பித்தார்கள். கடைசியில் அது தியேட்டருக்கே வந்து பெரிய வெற்றி பெற்றது என்று நமக்குத் தெரியும். மூன்றாம் பாகத்தின் கதை இன்னும் சிக்கல். பிக்சாரும் டிஸ்னியும் முட்டிக்கொண்டிருந்த காலத்தில், பிக்சார் இல்லாமலே டாய் ஸ்டோரி 3-ஐ எடுக்க டிஸ்னி ‘சர்க்கிள் 7’ என்று ஒரு தனி ஸ்டூடியோவையே தொடங்கியது. 2006-இல் டிஸ்னி பிக்சாரை வாங்கிய பிறகுதான் அந்த ஸ்டூடியோவை மூடினார்கள், கதையும் கைவிடப்பட்டது. நீங்கள் அழுத அந்தப் படமும் ஒரு காலத்தில் வணிகப் பேரத்தின் பிள்ளைதான். காசுக்காக எடுக்கிறார்கள் என்ற ஒரே காரணத்தை வைத்து நான்காவதை ஒதுக்க என்னால் முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, எதிர்ப்பவர்கள் சொல்வதில் மிகக் கனமான குற்றச்சாட்டுக்கு வருவோம். வுடி வாக்குத் தவறினான் என்பது அது. மூன்றாம் பாகத்தில் ஆண்டி பானியிடம் வுடியைப் பற்றி என்ன சொல்கிறான்? எது வந்தாலும் இவன் உன்னைக் கைவிடமாட்டான், எப்போதும் உன் பக்கம் நிற்பான் என்கிறான். நான்காம் பாகத்தின் முடிவில் வுடி பானியை விட்டு விலகி, போ பீப்போடு திருவிழாக் கூட்டத்தோடு போய்விடுகிறான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சுருக்கென்று இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகப் படத்தை மன்னிக்கவே முடியாது என்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதாக நான் நினைக்கவில்லை. அந்த வாக்கை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஆண்டி அன்று கேட்டது இரண்டு பக்க வாக்கு. வுடியை நல்லபடியாகப் பார்த்துக்கொள் என்று பானியிடமும் கேட்டான். படம் தொடங்கும்போது பானி வுடியின் மார்பிலிருந்து ஷெரிஃப் நட்சத்திரத்தைக் கழற்றி, கவ்கேர்ள் பொம்மை ஜெஸ்ஸிக்குக் குத்திவிட்டு, அவனை அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். அவன் மேல் தூசி படிகிறது. இதற்காகப் பானியைத் திட்டுபவர்களும் உண்டு, அது நியாயமில்லை. ஐந்து வயதுப் பெண்ணுக்கு எந்தப் பொம்மை பிடிக்கும் என்பதை முந்தைய சொந்தக்காரன் தீர்மானிக்க முடியுமா? பொம்மையோடு வளர்ந்த எந்தக் குழந்தையையும் கேட்டுப் பாருங்கள். அண்ணனுக்கு உயிராக இருந்த பொம்மை தங்கைக்கு வெறும் பிளாஸ்டிக்.

அப்படி ஒதுக்கப்பட்ட பிறகும் வுடி என்ன செய்கிறான்? கிண்டர்கார்டன் முதல் நாளில் அவள் பயந்து தனியாக இருப்பாள் என்று பைக்குள் ஒளிந்து போகிறான். குப்பைத் தொட்டிக்குள் இறங்கி, ஒரு பிளாஸ்டிக் முள்கரண்டியையும் ஐஸ் குச்சியையும் எடுத்து அவள் மேஜையில் போடுகிறான். அதிலிருந்துதான் அவள் ஃபோர்க்கியைச் செய்கிறாள். அந்த ஃபோர்க்கி ஓடும் வண்டியிலிருந்து வெளியே குதித்தால் இவனும் பின்னாலேயே குதிக்கிறான். கைவிடமாட்டான் என்று ஆண்டி சொன்னதற்கு இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? தன்னை விரும்பாத ஒரு குழந்தைக்காக, அவள் விரும்பும் ஒரு குப்பையை அவன் காப்பாற்றுகிறான். கடைசியில் ராட்டினத்தின் மேல் நின்று தயங்கும்போது, அவள் நன்றாக இருப்பாள் என்கிறார் வுடியின் நண்பரான விண்வெளி வீரர் பொம்மை லைட்இயர். போ பீப்பைச் சொல்கிறாரோ என்று வுடி திரும்பிப் பார்க்க, “பானி நன்றாக இருப்பாள்” என்று விளக்குகிறார். அந்த ஒரு வரியில் வாக்கு நிறைவேறிவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாக்கி இருந்த கேள்வி என்று சொன்னேனே, அது இரண்டாம் பாகத்திலேயே எழுந்தது. கல்லூரிக்கும் தேனிலவுக்கும் ஆண்டி உன்னைக் கூட்டிக்கொண்டு போவானா என்று அங்கே ஸ்டிங்கி பீட் வுடியிடம் கேட்பான். பெட்டியைவிட்டு வெளியே வராத, யாரும் விளையாடாத கசந்த பொம்மை அவன். அவன் வில்லன் என்பதால் அந்தக் கேள்வியைப் பலரும் மறந்துவிட்டார்கள். எவ்வளவு காலம் கிடைக்கிறதோ அவ்வளவு காலம் இருப்பேன் என்று வுடி அன்பைத் தேர்ந்தெடுத்தான். மூன்றாம் பாகம் அந்தக் காலத்தைப் பானி என்ற இன்னொரு குழந்தையைக் கொடுத்து நீட்டியது. ஆனால் அவளும் வளர்வாள். அப்புறம் இன்னொரு குழந்தை, அதுவும் வளரும். வேண்டாதவனாகிற நாள் ஒன்று வந்தே தீரும், அன்று அவன் யார்? முதல் மூன்று படங்களும் இதைத் தொட்டுவிட்டு விலகிவிட்டன. நான்காவது இதிலிருந்துதான் தொடங்குகிறது.

என் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. என் மகளோடு சேர்ந்து பாதி வசனம் புரியாமலே இந்தப் படத்தைப் பார்த்தார். வுடி ராத்திரி பகல் பாராமல் ஃபோர்க்கியின் பின்னாலேயே ஓடும் இடத்தில், “ரிட்டையர் ஆனப்புறமும் தினம் ஸ்கூல் வாசலுக்குப் போய் நிக்கிற மாதிரி இருக்குடா” என்றார். அதுவரை நான் இந்தப் படத்தை அப்படிப் பார்த்ததே இல்லை. பிள்ளைகள் வீட்டைவிட்டுப் போன பெற்றோர்களில் நிறையப் பேர் இந்தப் படத்தை உயர்த்திப் பேசுவதற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும். தங்கள் வேலை முடிந்ததா இல்லையா என்று தெரியாமல் நிற்பவர்கள் அவர்கள். 1995-இல் ஆண்டியாகப் படம் பார்த்த சிலர் 2019-க்குள் பெற்றோராகிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளின் கருத்தைப் பெரியவர்களின் சண்டையில் யாரும் கேட்பதில்லை. அவர்களுக்கு இது ஃபோர்க்கியின் படம். நான் குப்பை, குப்பையில்தான் இருப்பேன் என்று அவன் தொட்டியைத் தேடி ஓடும்போதெல்லாம் என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்போடு அது முடியவில்லை. ராத்திரி நெடுஞ்சாலையில் வுடியும் அவனும் நடந்து வரும் காட்சி இருக்கிறதே, குப்பைத் தொட்டி ஏன் பிடிக்கும் என்று ஃபோர்க்கி சொல்கிறான்: கதகதப்பாக இருக்கும், எல்லாம் சரியாகிவிடும் என்று யாரோ காதில் சொல்வது போல இருக்கும். பானிக்கு உன்னைப் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கிறது என்கிறான் வுடி. ‘அப்படியென்றால் நான்தான் பானியின் குப்பையா!’ என்று அவனுக்குப் பளிச்சென்று புரிகிறது. ஒரு பொம்மை குழந்தைக்கு என்னவாக இருக்கிறது என்பதை நான்கு படங்களிலும் இதைவிட எளிமையாக யாரும் சொன்னதில்லை.

கேபி கேபியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தப் படத்தை நான் காப்பாற்றிப் பேசுவதற்கு அவள்தான் முதல் காரணம். பழம்பொருள் கடையில் இருக்கும் 1950-களின் பேசும் பொம்மை. தயாரிப்பிலேயே அவளுடைய குரல் பெட்டி பழுது, அதனால் ஒரு குழந்தைகூட அவளோடு விளையாடியதில்லை. கடைக்கார அம்மாவின் பேத்தி ஹார்மனி தேநீர் விருந்து விளையாடுவதைக் கண்ணாடி அலமாரியிலிருந்து பார்த்துப் பார்த்து, தானும் கோப்பையைத் தூக்கிப் பழகுகிறாள். வுடியின் குரல் பெட்டிக்கு ஆசைப்பட்டு வில்லியாகத்தான் அறிமுகமாகிறாள். மூன்றாம் பாகத்தின் வில்லன் லாட்ஸோவைப் போல இவளுக்கும் கடைசியில் தண்டனை வரும் என்று எதிர்பார்த்தேன். வுடி தன் குரலைத் தானாகவே கழற்றிக் கொடுக்கிறான். அவள் ஹார்மனியிடம் போய் விழுகிறாள். ஹார்மனி எடுத்துப் பார்க்கிறாள், பேச வைக்கிறாள், வேண்டாம் என்று ஒரு பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறாள். பழுது குரலில் இல்லவே இல்லை.

இந்தக் காட்சியை அதிகம் பேர் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். நான் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருந்தால் என்னை நேசித்திருப்பார்கள் என்று நம்பும் எந்தக் குழந்தைக்கும், எந்தப் பெரியவருக்கும், அது உண்மையில்லை என்று இவ்வளவு மென்மையாகச் சொன்ன குடும்பப் படம் எனக்கு வேறு தெரியாது. அப்புறம் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து அழும் ஒரு பெண் குழந்தையிடம் அவள் தானாகவே போய்ச் சேர்கிறாள். வுடி குரலைக் கொடுத்தது சரியா, அவனுடைய ஒரு பகுதியைப் பறிகொடுத்தது போல இல்லையா என்று வருத்தப்படுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குரலில் இருந்தவை கயிற்றை இழுத்தால் வரும் நாலு வரிகள்தான். வுடி சொந்தமாகப் பேசியது எதுவும் அந்தப் பெட்டியில் இல்லை.

போ பீப் மாறிப்போய்விட்டாள் என்று குறைப்பட்டவர்களுக்கு நான் பெரிதாகப் பதில் சொல்லப்போவதில்லை. மூன்றாம் பாகத்தில் ஒரு வரியில் மறைந்துபோனவள் தெருவில் ஏழு வருடம் தனியாகப் பிழைத்தால் மாறாமல் என்ன செய்வாள்?

இப்போது தையல் பிரிந்த இடம். லைட்இயரை இந்தப் படம் சரியாக நடத்தவில்லை. இதில் எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நான். முதல் படத்தில் தான் பொம்மைதான் என்று தெரிந்து உடைந்துபோய், அதிலிருந்து எழுந்து வந்தவர். இரண்டாம் பாகத்தில் வுடியைத் தேடி நகரத்தையே கடந்து வந்தவர். மூன்றாம் பாகத்தில் எரி உலையின் வாயில் ஜெஸ்ஸியின் கையை முதலில் பிடித்தவர். அப்படிப்பட்டவர் நான்காம் பாகத்தில் மனசாட்சி என்றால் என்னவென்று புரியாமல், தன் மார்பிலிருக்கும் பொத்தானை அழுத்தி அது சொல்கிறபடி நடக்கிறார். ஒரு முறை சிரிக்கலாம். படம் முழுக்க அதையே செய்தால், அவர் இத்தனை நாள் கற்றுக்கொண்டது என்ன ஆனது? ஜெஸ்ஸி, ரெக்ஸ், ஹாம், ஸ்லிங்கி எல்லோரும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். பைக் சாகசப் பொம்மை டியூக் கபூமும், பஞ்சுப் பொம்மைகளான வாத்தும் முயலும் வரும் இடங்களில் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியைப் பழைய கூட்டத்துக்குக் கொடுத்திருக்கலாம்.

இதன் விலை கடைசியில் தெரிகிறது. வுடியும் லைட்இயரும் பிரியும் காட்சி மூன்றாம் பாகத்தின் விடைபெறலுக்கு ஈடாக நின்றிருக்க வேண்டும். இருபத்தி நான்கு வருட நட்பு அது. கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள், கண் கலங்குகிறது, ஆனால் அதற்கு முந்தைய ஒன்றரை மணி நேரத்தில் இருவரும் சேர்ந்து நின்ற காட்சிகள் எத்தனை? கடன் வாங்கிய உணர்ச்சி அது, முதல் மூன்று படங்களிலிருந்து வாங்கியது. நண்பனை விட்டுப் போகிற அளவுக்கு வுடிக்கு என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லாமல் போவதும் இங்கேதான்.

வசூலைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்றாம் பாகமும் 106 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது, நான்காவது அதை இலேசாகத் தாண்டியது. ஒன்பது வருடத்தில் டிக்கெட் விலை ஏறியதைக் கணக்கில் எடுத்தால், மூன்றாம் பாகத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 12 கோடி டாலர் வந்தது, எதிர்பார்த்தது அதைவிட அதிகம். மூன்றாம் பாகத்தோடு மனதில் கதவைச் சாத்திவிட்டவர்கள் அந்த வார இறுதியில் வராமல் இருந்திருக்கலாம்.

2023-இல் ஐந்தாம் பாகத்தை அறிவித்தார்கள், வெளியீட்டு நாளாக 2026 ஜூன் 19-ஐக் குறித்தார்கள். முதல் படத்திலிருந்தே எழுத்தில் இருந்த ஆண்ட்ரூ ஸ்டான்டன் இயக்கம், பொம்மைகளுக்கு எதிராகக் குழந்தையின் கையில் டேப்லெட் என்பது கதை. அறிவிப்பு வந்த அன்று நான் கவனித்த ஒன்று: நான்காவதைத் திட்டியவர்களில் சிலர், அந்த முடிவையாவது கெடுக்காமல் விடுங்களேன் என்று சொல்லத் தொடங்கினார்கள்.

இப்போது உங்கள் மகனுக்கு வருகிறேன். கொஞ்ச நாள் போகட்டும் என்றதற்குக் காரணம் இதுதான்: மூன்றாம் பாகத்தின் முடிவு அவன் மனதில் இருக்கும்போதே நான்காவதைப் போட்டால், பானி வுடியை அலமாரியில் விட்டுப் போவதை அவனால் தாங்க முடியாது. என் மகளுக்கு அந்தத் தவறைத்தான் செய்தேன், முதல் கால் மணி நேரம் பானியின் மேல் கோபமாகவே உட்கார்ந்திருந்தாள். இரண்டு மூன்று மாதம் விடுங்கள். பழம்பொருள் கடையில் தலை தொங்கி நடக்கும் பென்சன் பொம்மைகள் வரும் இடம் ஆறு வயதுக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும், பக்கத்தில் இருங்கள். தொடக்கத்தில் மழை இரவில் போ பீப்பை வேறு வீட்டுக்குக் கொடுக்கும் காட்சியைச் செல்போனைப் பார்த்துக்கொண்டே தவறவிட்டுவிடாதீர்கள். அன்று அவளோடு பெட்டிக்குள் ஏறவிருந்த வுடி, ஆண்டியின் குரல் கேட்டுத் திரும்பிவிடுகிறான். ராட்டினத்தின் மேல் நடப்பதற்கான விதை அங்கேதான் இருக்கிறது.

படம் முடிந்ததும் அவன் அநேகமாக, “வுடி ஏன் வீட்டுக்குப் போகலை?” என்று கேட்பான். என் மகள் கேட்டாள். நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாதான் சொன்னார்: “அந்தப் பாப்பா இப்ப தானா ஸ்கூலுக்குப் போயிக்குது இல்ல, அதான்.” அவள் அதை ஏற்றுக்கொண்டாள். மறுநாள் ஒரு ஐஸ் குச்சியையும் கரண்டியையும் கம்மில் ஒட்டிக்கொண்டு வந்து என்னிடம் கண் வரையச் சொன்னாள்.